முன்பணத்தைப் பற்றிக் கேளுங்கள், ஆட்சியர் அவர்களே

மாவட்ட ஆட்சியர்களுக்கும் வருவாய்க் கோட்டாட்சியர்களுக்கும் வணக்கம்.

செங்கல் சூளையிலிருந்தோ அரிசி ஆலையிலிருந்தோ ஒரு குடும்பத்தை மீட்டு உங்கள் அலுவலகத்துக்குக் கூட்டி வந்தால், விசாரணையில் முதலில் விழும் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "பூட்டி வைத்தார்களா? அடித்தார்களா?" இல்லை என்று அவர் தலையாட்டிவிட்டால் போதும், கோப்பில் 'கூலித் தகராறு' ஏறிவிடும்.

1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் பூட்டைக் கேட்கவில்லை. முன்பணத்துக்காக உழைக்கிறவருக்கு வேறு வேலைக்குப் போகும் உரிமையோ, நினைத்த இடத்துக்குப் போய்வரும் உரிமையோ, குறைந்தபட்சக் கூலியோ இல்லையென்றால் அவர் கொத்தடிமை. ஒன்று இல்லாவிட்டாலே போதும். அது கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்க வேண்டியவர் கடன் கொடுத்தவர். வறுமை தள்ளிச் செய்யும் வேலையும் கட்டாய உழைப்பாகலாம் என்று 1982இல், ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

சூளைக் கணக்கு உங்களுக்குத் தெரியாததல்ல. புருஷனும் பெண்டாட்டியுமாக முன்பணம் வாங்குகிறார்கள். கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று பேச்சு; கையில் வருவது வாராவாரம் செலவுக்காசு மட்டும். கல்லைத் திருப்பிப் போடும் பிள்ளைகளுக்குத் தனிக் கூலி கிடையாது. நோட்டு முதலாளியிடம். மழைக்கு முன் கணக்குப் பார்த்தால் இன்னும் பாக்கி நிற்கும், அடுத்த பருவத்துக்கும் வந்தாக வேண்டும். இதற்குப் பூட்டு எதற்கு? அடிமைத்தனத்தை நீதிமன்றங்கள் ஏற்கக்கூடாது என்று 1843இல் சட்டம் வந்த பிறகும் தஞ்சைப் பண்ணைகளில் ஆளைப் பிடித்து வைத்தது கடன்தான்.

இன்னொன்று, இதைச் சொல்லும்போது கோபம் வருகிறது. "வாங்கின பணத்தைக் கொடுத்துவிட்டுப் போ" என்று அரசு அலுவலகத்திலேயே சமரசம் பேசுகிறார்கள். சட்டப்படி அந்தக் கடன் செத்துவிட்டது. அதை வசூலிப்பவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை உண்டு.

கொத்தடிமையிலிருந்து மீட்கப்பட்டவர் என்று நீங்கள் தரும் விடுவிப்புச் சான்று இல்லாமல் வீடு திரும்புகிறவர் ஊர் கண்ணில் கடனை ஏமாற்றிவிட்டு ஓடிவந்த ஆள். 30,000 ரூபாய் வரையிலான உடனடி உதவியும், அதன்பின் வரவேண்டிய மறுவாழ்வு நிதியும் அவருக்கு இல்லை. சூளைக்கு ஆள்பிடிக்கும் மேஸ்திரி மறுபடி வாசலில் நிற்பார்.

கொத்தடிமை முறை ஒழிப்பு நாளான பிப்ரவரி 9 அன்று உறுதிமொழி எடுக்கிறீர்கள், எடுங்கள். அத்துடன் தொழிலாளியை முதலாளியிடமிருந்தும் மேஸ்திரியிடமிருந்தும் பிரித்து, ஒடியாவோ தெலுங்கோ, அவர் பேசும் மொழியிலேயே விசாரியுங்கள். அடுத்த கண்காணிப்புக் குழுக் கூட்டத்தில், சான்று மறுக்கப்பட்ட பழைய கோப்புகளை மேசைக்கு வரவழையுங்கள். முன்பணம் பற்றிய கேள்வியே இல்லாத கோப்புகளை மறுவிசாரணைக்கு எடுங்கள்.

இப்படிக்கு,
கொத்தடிமை மீட்புப் பணியில் இருக்கும் ஒருவர்