டி-ஷர்ட்டுக்குக் கை கொடுத்தவர்களுக்கு

திருப்பூரில் என்னோடு சேர்ந்து உழைப்பவர்களுக்கும், நாங்கள் தைக்கும் டி-ஷர்ட்டை வாங்கி உடுத்தும் பெண்களுக்கும் வணக்கம்.

இந்த மாதம் முதல் எங்களிடம் பெண்களுக்கான டி-ஷர்ட் 32 முதல் 48 வரை எல்லா அளவிலும் கிடைக்கிறது. பெரிய கம்பெனிக்கு இது ஒரு விஷயமே இல்லை. தனியாக டிசைன் செய்து, சின்னச் சின்ன லாட்டாகத் தைத்து விற்கும் எனக்கு இது பெரிய காரியம். அளவு கூடக் கூட அகலத்தை மட்டும் கூட்டினால் போதாது. தோள், கை, மார்பு, கழுத்து எல்லாவற்றையும் மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும். வாழ்த்தெல்லாம் என் பேருக்கே வருகிறது. அதில் பாதிக்கு மேல் மற்றவர்களுக்குப் போய்ச் சேர வேண்டியது. ஊர் அறிய அதைச் சொல்லத்தான் இந்த மடல். பேர் போட வேண்டாம் என்று அவர்களில் பலர் சொல்லிவிட்டார்கள். நான் கூப்பிடுகிற முறையிலேயே எழுதுகிறேன்.

முதலில் கட்டிங் மாஸ்டர். எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் காலமெல்லாம் துணி வெட்டியவர். ஒரு சைஸுக்கு முப்பது பீஸ் என்று நான் போய் நின்றபோது மற்ற இடங்களில் "கட்டாதுங்க" என்றார்கள். அவர் மட்டும் துணியைக் கையில் வாங்கி, இழுத்து விட்டுப் பார்த்தார். "துணி ரோலுக்குள்ள இழுபட்டுக் கெடக்குது, அம்மிணி. ஒரு ராத்திரி விரிச்சுப் போடுங்க, காலையில வெட்டிக்கலாம்" என்றார். பின்னல் துணி அப்படித்தான். ரோலில் இறுக்கிச் சுற்றியிருக்கும்போது நீண்டுகொண்டு நிற்கும். விரித்துப் போட்டால் மெல்லத் தன் அளவுக்கு வரும். வந்த கையோடு வெட்டினால், தைத்த பிறகு உயரம் குறைந்து போகும். அவசரம் என்று எத்தனையோ முறை கெஞ்சியிருக்கிறேன். ஒரு நாளும் அவர் இறங்கி வந்ததில்லை. அதற்காகவே அவருக்குத் தனியாக ஒரு நன்றி.

இன்னொன்றும் அவரிடம் கற்றதுதான். சிங்கிள் ஜெர்சி என்கிற மெல்லிய பின்னல் துணியில் நூலின் முறுக்கு துவைத்த பிறகு வேலையைக் காட்டும். பக்கத் தையல் திரும்பிக்கொண்டு வயிற்றுப் பக்கம் வந்து நிற்கும். மலிவான டி-ஷர்ட் வாங்கியவர்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மாஸ்டர் ஒவ்வொரு லாட்டிலும் ஒரு துண்டை வெட்டி, அதில் பேனாவால் சதுரம் போட்டு, துவைத்துக் காய வைப்பார். சதுரம் சாய்ந்திருந்தால் அந்தத் துணி மேஜை ஏறாது, சரி செய்யத் திரும்பத்தான் போகும். உங்கள் டி-ஷர்ட்டின் தையல் பல துவைப்புக்குப் பிறகும் நேராக இருக்கிறது என்றால் அது அவர் புண்ணியம்.

அடுத்து, கழுத்து வைத்துக் கொடுக்கும் அக்கா. டி-ஷர்ட்டின் அழகு முக்கால்வாசி கழுத்தில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். கழுத்து அலை அலையாக நின்றால் எவ்வளவு நல்ல துணியும் வீட்டு உடை மாதிரி ஆகிவிடும். கழுத்துக்கு வைக்கும் ரிப் பட்டியை, அதாவது நன்றாக இழுபடும் பின்னல் பட்டியை, கழுத்துச் சுற்றளவைவிடக் குறைவாகத்தான் வெட்டுவோம். இழுத்து இழுத்து வைக்க வேண்டும். அக்காவின் இடது கையைப் பார்க்க வேண்டும். பின்கழுத்தில் பட்டி சும்மா ஓடும். முன்கழுத்தின் வளைவு வந்ததும் கட்டைவிரல் ஒரு அழுத்து அழுத்தும், பட்டி கொஞ்சம் கூடுதலாக இழுபடும், ஓவர்லாக் மிஷின் ஒரு இடத்தில்கூட நிற்காது. நானும் படித்துவிட்டு வந்தவள்தான். அந்த விரல் கணக்கை எந்த வகுப்பிலும் நான் பார்க்கவில்லை. தோள் தொங்காமல் இருக்கத் தோள் தையலுக்குள் மெல்லிய எலாஸ்டிக் டேப் வைக்கலாம் என்று சொன்னதும் அவர்தான். பீஸுக்குக் கொஞ்சம் செலவு கூடும், பரவாயில்லை, வைத்தே தீர வேண்டும் என்று என்னிடம் வாதாடினார்.

போட்டுப் பார்த்துச் சொன்ன பெண்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. எங்கள் தெருவிலிருந்து ஆஸ்பத்திரி வேலைக்குப் போகும் நர்ஸ் தங்கை, சாம்பிளைப் போட்டுக்கொண்டு நேராகக் கையைத் தூக்கிக் காட்டினாள். "பஸ்ஸுல கம்பியப் பிடிச்சா வயிறு தெரியுதுக்கா." ஆண்கள் டி-ஷர்ட்டின் பேட்டர்னைச் சின்னதாக்கிப் பெண்களுக்கு விற்பதில் வரும் கோளாறு இது. கைக்குழி அகலமாக, கீழே இறங்கி இருந்தால் கையைத் தூக்கும்போது சட்டை முழுவதும் மேலே ஏறும். அந்தக் கைக்குழியை உயர்த்திக் கொஞ்சம் ஒட்டினாற்போல் வெட்டினால் கை மட்டும் தூக்கும், உடம்பு இருந்த இடத்தில் இருக்கும். நானும் பேட்டர்ன் மாஸ்டரும் உட்கார்ந்து அதைச் சரி செய்தோம். இப்போது ஒவ்வொரு புது டிசைனையும் கம்பியைப் பிடித்து நின்று பார்த்த பிறகே வெட்டுக்கு அனுப்புகிறோம். வெள்ளை நிறத்துக்கு 180 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 180 கிராம் எடையுள்ள) துணிதான் வேண்டும், உள்ளாடை தெரியக் கூடாது என்று அடித்துச் சொன்ன டீச்சரம்மாவுக்கும், பிள்ளைக்குப் பால் கொடுக்க வசதியாக மடிப்பு வைத்த மாடலைப் பொறுமையாகச் சோதித்துச் சொன்ன தோழிக்கும் என் அன்பு.

சாயப்பட்டறை அண்ணனை மறக்க முடியாது. சாயக் கழிவு கலந்து கெட்டுப்போன நொய்யல் ஆற்றின் கதை எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் பட்டறைகள் மூடப்பட்டதும், கழிவுநீரைச் சுத்திகரித்து ஒரு சொட்டும் வெளியே விடக் கூடாது என்ற கட்டாயம் வந்ததும் சாயச் செலவு ஏறியது. ஆற்றுக்கு அது வேண்டியதுதான், நான் முழு மனதோடு சொல்கிறேன். ஆனால் அந்தச் செலவில் என் சின்ன லாட்டுக்கு யாரும் மிஷினை ஓட்டத் தயாராக இல்லை. அண்ணன் ஒரு வழி கண்டுபிடித்தார். வேறொரு கம்பெனிக்கு நேவி ப்ளூ போடும் நாளில், அவர்களிடம் கேட்டுக்கொண்டு, என் துணியையும் சேர்த்துப் போட்டுக் கொடுத்தார். அதனால்தான் ஆரம்பத்தில் எங்களிடம் நேவி, மெரூன், கருப்பு தவிர வேறு நிறம் இல்லை. "ஏன் கலரே இல்லை" என்று கேட்டவர்களுக்கு இப்போது விவரம் புரிந்திருக்கும்.

2022 மே மாதம் ஒரு கேண்டி பருத்தி, அதாவது 356 கிலோ, ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. நூல் விலை ஏறிய வேகத்தில் எங்களைப் போன்ற சின்ன ஆட்கள் பலர் தொழிலையே விட்டார்கள். அப்போது ஒரு கடைக்காரர் எனக்குத் தர வேண்டிய பணத்தையும் இழுத்தடித்துக்கொண்டிருந்தார். துணி பின்னிக் கொடுக்கும் நிட்டிங் ஐயா என்னைக் கூப்பிட்டு, "துணிய எடுத்துட்டுப் போ கண்ணு, பணம் வந்தப்புறம் குடு" என்றார். கணக்கு நோட்டில்கூட அவர் தேதி போடவில்லை. ஐயா, கடன் தீர்ந்துவிட்டது. நன்றி தீரவில்லை.

நூல் பிசிறு வெட்டி, ஊசி ஓட்டை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும் செக்கிங் அக்காமார், அயர்ன் தம்பி, ராத்திரி பார்சல் ஒட்டும் அம்மா, எல்லோருக்கும் நன்றி. அடுத்த லாட்டிலிருந்து உள் லேபிளில் வெட்டியவர், தைத்தவர் பேரின் முதலெழுத்தைப் போடப் போகிறேன். அதற்கு மட்டும் எல்லோரும் சம்மதித்துவிட்டார்கள்.

48க்கு மேல் கேட்டு எழுதிய சகோதரிகளே, உங்களை விட்டுவிடவில்லை. 50, 52 அளவுகளுக்கு சாம்பிள் வெட்டியாயிற்று. போட்டுப் பார்த்துச் சொல்ல மனமுள்ளவர்கள் மார்பு, இடுப்பு, தோள் அளவை எழுதி அனுப்புங்கள். துணியும் கூரியர் செலவும் என்னுடையது.