காப்புரிமை கொடுத்தீர்கள், காத்துக்கொள்ள வழி?

ஒன்றிய வணிகம் மற்றும் தொழில்துறை அமைச்சகத்துக்கு,

வணக்கம்.

ஒரு தனிமனிதர் தன் கண்டுபிடிப்புக்கு ஆன்லைனில் காப்புரிமை (பேடன்ட்) விண்ணப்பம் போட 1,600 ரூபாய் போதும். பெரிய கம்பெனிக்கு 8,000. ஸ்டார்ட்அப்களுக்கு விண்ணப்பம் எழுதித் தருபவரின் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் கோவையில் ஒரு லேத் பட்டறைக்காரரிடம் காப்புரிமை எடுக்கச் சொல்லிப் பாருங்கள். "எடுத்து? எவனாவது காப்பி அடிச்சா கோர்ட்டுக்கு யாருங்க அலையறது?" என்பார்.

அவர் கேட்பது நியாயம். காப்புரிமையை மீறினால் போலீஸ் வராது. உரிமைக்காரரேதான் வழக்குப் போட வேண்டும். காப்புரிமையின் ஆயுளும் 20 ஆண்டுதான்.

அமெரிக்காவின் ராபர்ட் கேர்ன்ஸ் கதையைப் பாருங்கள். விட்டுவிட்டுத் துடைக்கும் கார் வைப்பருக்கு 1967இல் காப்புரிமை வாங்கினார். அப்போது அங்கே காப்புரிமையின் ஆயுள், கொடுத்த நாளிலிருந்து 17 ஆண்டு. அதைக் காப்பி அடித்ததாக 1978இல் ஃபோர்டு கார் கம்பெனி மீது வழக்குப் போட்டார், 1982இல் கிரைஸ்லர் கார் கம்பெனி மீது. முதலில் வந்த சமரசப் பணத்தை அவர் ஏற்கவில்லை. அந்த வைப்பரைத் தானே தயாரிக்க வேண்டும் என்பதுதான் ஆசை. ஃபோர்டு மீறியது என்று ஜூரி சொன்னது 1990இல். அதற்குள் காப்புரிமை காலாவதியாகிவிட்டது. கடைசியில் ஃபோர்டு சுமார் ஒரு கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்தது; கிரைஸ்லர் வழக்கில் அவரே வாதாடி ஜெயித்தார். பணம் வந்தது, தொழிற்சாலை வரவேயில்லை. மற்ற கம்பெனிகள் மீது போட்ட வழக்குகள், தாக்கல் கெடுவைத் தவறவிட்டதால் தள்ளுபடியாயின. ஒற்றை ஆளாக நின்று எத்தனை கெடுவைத்தான் காப்பாற்ற முடியும்?

நம் ஊரில் மட்டும் என்ன வாழ்கிறது? இரட்டை ஸ்பார்க் பிளக் எஞ்சினுக்காக பஜாஜும் டிவிஎஸ்ஸும் சென்னை உயர் நீதிமன்றத்தில் மோதிய வழக்கில், 2009 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: இத்தகைய வழக்குகளை நாள்தோறும் விசாரித்து நான்கு மாதத்தில் முடியுங்கள், இந்த வழக்கை நவம்பர் 30க்குள் முடியுங்கள். அது 2019இல் சமரசத்தில்தான் முடிந்தது. வக்கீல் படையே வைத்திருக்கும் இரண்டு கம்பெனிகளுக்கே இந்தக் கதி என்றால், பட்டறைக்காரர் எங்கே போவார்?

வழக்குப் போடுகிற எல்லோர் பக்கமும் நியாயம் இருக்கும் என்று நான் சொல்லவில்லை. மதுரைக்காரர் ஒருவர் இரட்டை சிம் போனுக்கு வாங்கிய காப்புரிமை 2012இல் ரத்தானது. ரத்தாவதற்கு முன், அந்தக் காப்புரிமையைக் காட்டி அத்தகைய போன்களின் இறக்குமதியையே நிறுத்த முடிந்திருந்தது. செல்லாத காப்புரிமையால் எதிர்த்தரப்பும் அடிபடுகிறது. சீக்கிரம் தீர்ப்பு வந்தால் இரு பக்கமும் பிழைக்கும்.

அதனால்தான் கேட்கிறேன். அந்த நான்கு மாதக் கெடுவைச் சட்டத்திலேயே எழுதுங்கள்; ஒத்திவைப்புக் கேட்பவர் காரணத்தைச் சொல்லி, செலவையும் கட்டட்டும். தொழில்நுட்பம் புரிந்த ஆலோசகரை நீதிமன்றம் நியமிக்கலாம் என்று காப்புரிமைச் சட்டத்தின் 115ஆம் பிரிவு சொல்கிறது. தகுதியானவர்களின் பட்டியலை எல்லா உயர் நீதிமன்றங்களுக்கும் கொடுத்து, அந்தப் பிரிவைப் புழக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். அப்புறம், விண்ணப்பம் எழுத ஆள் தருகிற அதே திட்டத்தில், வழக்கு நடத்தவும் ஆள் கொடுங்கள். அதைத் தனிமனிதருக்கும் சிறு பட்டறைக்கும் சேர்த்துக் கொடுங்கள். வழக்கில் வலு இருக்கிறதா என்று முதலில் ஒரு குழு பார்க்கட்டும். இருந்தால் அரசு செலவு செய்யட்டும், ஜெயித்தால் இழப்பீட்டிலிருந்து அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளட்டும்.

இதற்கு உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
கோவையிலிருந்து ஒரு பட்டறைத் தொழிலாளி