மங்கில் உறைந்த பால்

சுங்கைப்பட்டாணி

அன்புள்ள நண்பா,

முழங்கால் அறுவை நல்லபடியாக முடிந்து, கைத்தடி இல்லாமல் கோயிலுக்கு நடந்து போய் வருகிறாய் என்று எழுதியிருந்தாய். வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டு அந்தப் பத்தியை மட்டும் இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். பதில் எழுத மூன்று வாரமாகிவிட்டது. நீ கேட்ட கட்டுரையைப் பற்றி ஒரு முடிவுக்கு வராமல் பேனாவை எடுக்க மனம் வரவில்லை.

நம் தமிழ்ப்பள்ளிப் பழைய மாணவர் மலருக்கு நம் ரப்பர்த் தோட்டத்தின் போர்க்காலக் கதையை எழுது என்றாய். மகிழ்ச்சியோடு எழுதுகிறேன். ஆனால் கூடவே, "பிரிட்டனின் உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் வாங்கிய விமானி ஸ்கார்ஃபின் விமானம் நம் தோட்டத்துக்கு மேலேதான் பறந்தது என்று போடு, பிள்ளைகளுக்குப் பெருமையாக இருக்கும்" என்றும் கேட்டிருக்கிறாய். அதை மட்டும் என்னால் எழுத முடியாது. ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி.

என் பெரியம்மாவை உனக்கு நினைவிருக்கும். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகைக்குப் பின்னால், கடைசி லயத்து வரிசை வீட்டில் இருந்தார். நாம் பள்ளி விட்டு வரும்போது மரவள்ளிக்கிழங்கு அவித்துக் கொடுப்பாரே, அவர்தான். இப்போது 94 வயது. கண் மங்கிவிட்டது; நினைவு மங்கவில்லை. சென்ற தைப்பூசத்துக்குப் பிறகு நான்கு ஞாயிற்றுக்கிழமை அவர் பக்கத்தில் உட்கார்ந்து குண்டு விழுந்த நாளைப் பற்றிக் கேட்டேன். தேதி தெரியாது என்றார். வருடம் கேட்டால், ஜப்பான்காரன் வந்த வருடம் என்றார். நான்காவது வாரம், "அன்றைக்கு வீட்டில் என்ன சமையல் பெரியம்மா?" என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. "எங்களுக்குப் பழைய சோறு. அம்மா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கார்த்திகைச் சோமவாரம் அல்லவா, விரதம்" என்றார்.

வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தேன். 1941 டிசம்பர் 8, திங்கட்கிழமை. விசு வருடம், கார்த்திகை மாதம், நான்காவது சோமவாரம். சுங்கைப்பட்டாணி விமானத் திடலில் ஜப்பானியர் முதன்முதலாகக் குண்டு போட்டது டிசம்பர் 8 காலை என்றுதான் எல்லாப் பதிவுகளும் சொல்கின்றன. பத்து வயதுப் பெண் தன் தாய் பட்டினி கிடந்ததை வைத்து நினைவில் முடிந்துவைத்திருந்த நாளும், விமானப்படைக்காரர்கள் எழுதி வைத்த நாளும் ஒன்றாக வந்து நின்றன. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நேரத்தையும் அவரே கொடுத்தார். காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டு முடிந்து, அவருடைய அம்மா வெட்டு மரத்துக்குப் போய், கோடு போட்டு, மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் ரப்பர்ப் பால் சொட்டத் தொடங்கிவிட்டது. பால் எடுக்கும் நேரம் இன்னும் வரவில்லை. அப்போதுதான் மேற்கே இடி இடிப்பது போலச் சத்தம். வானத்தில் மேகம் இல்லை. வாளியைப் போட்டுவிட்டு எல்லாரும் லயத்துக்கு ஓடி வந்துவிட்டார்கள். "அன்றைக்குப் பால் மங்கிலேயே உறைந்துபோனது. இரண்டு நாள் கழித்துப் போய்க் கட்டி கட்டியாகத் தோண்டி எடுத்தோம். கணக்கு எழுதும் கிராணி அதை உறைந்த ஒட்டுப்பால் கணக்கில்தான் எழுதினார்" என்றார். மரம் வெட்டியவர்களின் பிள்ளைகளான நமக்கு இதற்குமேல் கடிகாரம் எதற்கு? விடிந்த பின், பத்து மணிக்கு முன்.

ஏட்டில் இருக்கும் நேரத்தைப் படிப்பதுதான் உண்மையில் கடினமாக இருந்தது. அந்த ஆண்டு மலாயாக் கடிகாரம் கிரீனிச்சுக்கு ஏழரை மணி நேரம் முன்னால் ஓடியது. ஜப்பானியப் படை எங்கே போனாலும் தோக்கியோ நேரத்தில்தான் எழுதும். அது ஒன்பது மணி நேரம். ஒரே தாக்குதலுக்கு இரண்டு பக்கமும் ஒன்றரை மணி வித்தியாசம் காட்டும். தேதியிலும் இதே தொல்லைதான். கோத்தா பாருவில் ஜப்பானியர் கரையேறியது பேர்ல் துறைமுகத் தாக்குதலுக்கும் முன்னால். ஆனால் நமக்கு 8, ஹவாய்க்கு 7. இதைப் புரிந்துகொள்ளாமல் ஆறு மாதம் ஒரே தாக்குதலை இரண்டாக எண்ணிக்கொண்டிருந்தேன்.

இன்னொரு தவறும் செய்தேன். ஜப்பானுக்கு அப்போது தனி விமானப்படை கிடையாது. தரைப்படைக்கு ஒன்று, கடற்படைக்கு ஒன்று என்று வைத்திருந்தார்கள். டிசம்பர் 10 அன்று பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் கப்பல்களை மூழ்கடித்தவை கடற்படை விமானங்கள். வட மலாயாத் திடல்களைத் தாக்கியது தரைப்படையின் விமானப் பிரிவு. நானோ கடற்படை ஏடுகளில் சுங்கைப்பட்டாணியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அன்று நம் ஊர்த் திடலில் இருந்தவை இரண்டு ஸ்குவாட்ரன்கள், அதாவது விமானப் படைப்பிரிவுகள். ஒன்று ஆஸ்திரேலியாவின் 21ஆவது. ஒற்றை எஞ்சின் பஃபலோ விமானங்கள், அமெரிக்காவில் செய்தவை. மற்றது பிரிட்டனின் 27ஆவது. இரட்டை எஞ்சின் பிளென்ஹைம். தரையில் நின்ற விமானங்களே பெரும்பாலும் அடிபட்டன. மிஞ்சியவற்றோடு அவர்கள் பட்டர்வொர்த்துக்குப் பின்வாங்கினார்கள்.

ஒரு விமானத்தை எப்படித் தேடுவது என்று கேட்டிருந்தாய். ஒவ்வொரு விமானத்துக்கும் பிறந்ததிலிருந்து அழியும் வரை மாறாத வரிசை எண் ஒன்று உண்டு. பக்கவாட்டில் பெரிதாக எழுதும் எழுத்துகள் ஸ்குவாட்ரன் மாறினால் மாறிவிடும், அவற்றை நம்பக்கூடாது. வீரர்களுக்குப் படை எண். இந்த இரண்டையும் பிடித்துவிட்டால் மற்றவை வரும். ஒவ்வொரு ஸ்குவாட்ரனும் நாள்தோறும் ஏடு எழுத வேண்டும்: படிவம் 540-இல் அன்றைய செய்தி, படிவம் 541-இல் பறப்பு விவரம். 541-ஐ நீ ஒருமுறை பார்க்க வேண்டும் நண்பா. தேதி, விமான எண், அதில் போனவர்கள், என்ன வேலை, மேலே ஏறிய நேரம், கீழே இறங்கிய நேரம் என்று கட்டம் கட்டியிருக்கும். திரும்பி வராத விமானத்துக்கு அந்தக் கடைசிக் கட்டத்தில் நேரம் இருக்காது. தட்டச்சு செய்தவர் அந்த இடத்தில் காகிதத்தை வெறுமனே நகர்த்தியிருப்பார். முதன்முறை அப்படி ஒரு பக்கத்தைத் திரையில் பார்த்தபோது, கணினியை மூடிவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

மலாயாவில் இருந்த ஸ்குவாட்ரன்களின் ஏடுகள் பல பின்வாங்கலில் அழிந்துபோயின. சிலவற்றைப் பிறகு நினைவிலிருந்து திரும்ப எழுதினார்கள். அதனால்தான் ஆஸ்திரேலியத் தேசியக் காப்பகம் எனக்குப் பெரிய உதவியாக இருந்தது. அவர்களுடைய வீரர்களின் இறப்புக் கோப்புகளைப் படம்பிடித்து, யாரும் காசில்லாமல் பார்க்கும்படி இணையத்தில் வைத்திருக்கிறார்கள். உள்ளே தாய்மார்கள் எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. மகனின் கைக்கடிகாரம் கிடைத்ததா என்று கேட்கும் கடிதங்கள். அவற்றைப் பற்றி நேரில் பேசுவோம்.

இனி ஸ்கார்ஃப். பெரியவர் என்று நினைத்திருந்தேன், 28 வயதுதான். பட்டர்வொர்த்தில் இருந்த 62ஆவது ஸ்குவாட்ரன். டிசம்பர் 9, செவ்வாய்க்கிழமை. சிங்கோராவில், அதாவது இன்றைய சோங்க்லாவில், இறங்கிய ஜப்பானியர் மீது பிளென்ஹைம்கள் கூட்டமாகப் போவதாக ஏற்பாடு. இவர் விமானம் மேலே எழும்பிய நேரத்தில் திடலில் குண்டு விழுந்தது. மற்ற எதுவும் கிளம்ப முடியவில்லை. வட்டமடித்துப் பார்த்துவிட்டுத் தனியாகவே போனார். இலக்கைத் தாக்கினார். ஜப்பானியச் சண்டை விமானங்கள் துரத்தின. கையிலும் முதுகிலும் குண்டடி. கூட இருந்த ரிச் அவரைச் சாயாமல் தாங்கிப் பிடிக்க, கால்டர் விமானத்தைச் செலுத்தக் கைகொடுக்க, அலோர் ஸ்டாரில் மருத்துவமனைக்கு அருகே நெல்வயலில் இறக்கினார்கள். கூட வந்த இருவருக்கும் காயமில்லை. அந்த மருத்துவமனையில் தாதியாக இருந்தவர் ஸ்கார்ஃபின் மனைவி. தன் இரத்தத்தையே கொடுத்தார், கணவர் பிழைக்கவில்லை. ஏடுகள் அழிந்து, நாடு பிடிபட்டு, போர் முடிந்து, 1946-இல்தான் அந்த விருதை அறிவித்தார்கள்.

சித்திரையில் தைப்பிங் போனேன். புக்கிட் லாருட் மலையடிவாரத்தில் போர்க் கல்லறைத் தோட்டம். காலை மழை விட்டிருந்தது. ஸ்கார்ஃபின் கல்லில் சிலுவை விருது செதுக்கியிருக்கிறது. அந்தப் பள்ளத்தில் மழைநீர் தேங்கி, ஓர் எறும்பு அதன் விளிம்பைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. சாலைக்கு அந்தப் பக்கம் இந்திய வீரர்களின் பகுதி. ஜித்ராவிலும் குரூனிலும் நம் கெடா மண்ணில் சண்டையிட்ட படையில் பெரும்பகுதி இந்தியர்கள். கல்லறைத் தோட்டம் முழுவதிலும் இருக்கும் 800-க்கு மேற்பட்ட கல்லறைகளில் 500-க்கு மேல் பெயர் தெரியாதவை.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். குண்டு விழுந்த பிறகு ஒருநாள், ஒற்றை விமானம் மிகத் தாழ்வாக வடக்கே போனதைப் பெரியம்மா பார்த்திருக்கிறார். உண்மை. சொல்லும்போது வலக் கையை விரித்து, மடிக்கு மேலாக மெல்ல இழுத்துக் காட்டினார். கை நாற்காலியின் விளிம்பில் இடித்ததும் அங்கேயே நிறுத்திக்கொண்டார். பட்டர்வொர்த்திலிருந்து சிங்கோரா போகிறவன் கெடா மேலே பறந்துதான் போக வேண்டும்; அதுவும் உண்மை. இந்த இரண்டையும் ஒட்டினால் அழகான கதை வந்துவிடும். நீயும் அதைத்தான் கேட்கிறாய். ஆனால் அது அடுத்த நாளா, அதற்கடுத்த நாளா என்று நான் கேட்டபோது பெரியம்மா கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் இருந்துவிட்டு, "தெரியவில்லை அய்யா. பொய் சொல்லக்கூடாது" என்றார். அந்த வாரம் முழுக்க வானத்தில் விமானங்கள். 94 வயதில் அவர் சொல்லாத பொய்யை அவர் பெயரில் நான் எப்படி அச்சில் போடுவேன்? அவர் கண்ட விமானத்திலும் ஆட்கள் இருந்திருப்பார்கள். அவர்கள் வேறு யாராகவாவது இருந்தால், அவர்களுடைய பறப்பைப் பிடுங்கி ஸ்கார்ஃபுக்குக் கொடுத்தது போல் ஆகிவிடும். ஸ்கார்ஃபுக்கு அது தேவையும் இல்லை.

மலரில் இதைப் போடுவோம்: சோமவாரம், உறைந்த பால், மேற்கே இடி, பின்பு ஒருநாள் தாழ்வாகப் போன ஒற்றை விமானம். பக்கத்திலேயே தனியாக ஸ்கார்ஃபின் கதை. பிள்ளைகள் இரண்டையும் படிக்கட்டும்.

இன்னொரு பக்கமும் எனக்கு வேண்டும். ஜப்பானியர் ஊரைப் பிடித்ததும் திடலின் குழிகளை மூட நம் தோட்டத்திலிருந்து ஆள் பிடித்தார்கள் என்று பெரியம்மா சொன்னார். என் சின்னத் தாத்தாவும் அதில் போனவர். திரும்பி வந்தார், அடுத்த ஆண்டு சயாமுக்கு அழைத்துப் போனார்கள், 415 கிலோமீட்டர் சயாம்-பர்மா மரண ரயில் பாதையில் எங்கே விழுந்தார் என்று எந்தக் கோப்பிலும் இல்லை. விமானத்துக்கு எண் இருக்கிறது, அவருக்கு இல்லை. அதனால், திடலில் மண் சுமந்தவர்கள் பெயர் உன் குடும்பத்தில் யாருக்காவது தெரியுமா என்று விசாரி. உன் அத்தை ஒருவர் பீடோங்கில் இருந்தாரே, அவர் பிள்ளைகளைக் கேட்டால் தெரியலாம். பெயர், தகப்பன் பெயர், எந்த லயம். அவ்வளவு போதும். என் நோட்டுப் புத்தகத்தில் வீரர்களுக்கு எதிர்ப்பக்கத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

ஊரில் மற்றபடி புதிதாக ஒன்றுமில்லை. நாம் பால் சுமந்த தீம்பாரில், அந்த ரப்பர் மரக்காட்டில், இப்போது மாடி வீடுகள். பழைய விமானத் திடல் பக்கம் இராணுவ முகாம். உள்ளே போக முடியாது, வேலி வரை போய்விட்டு வருவேன். மணிக்கூண்டு அப்படியே நிற்கிறது. ஜெராய் மலை மாலையில் மேகம் கட்டிக்கொள்கிறது.

கடைசியாக ஓர் உதவி. நீ ஜோகூர் பாருவில் இருக்கிறாய். பாலம் தாண்டினால் சிங்கப்பூரின் கிராஞ்சி. அங்கே போர் நினைவுச் சின்னத்தில் கல்லறை இல்லாத 24,000-க்கு மேற்பட்டோரின் பெயர்கள் இருக்கின்றன. விமானத்தின் இறக்கை போல அதற்குக் கூரை அமைத்திருப்பார்கள், தூரத்திலிருந்தே தெரியும். பெயருக்குப் பக்கத்தில் ஸ்குவாட்ரன் போட்டிருக்காது, ஆகவே தேடித் திணறாதே. இந்தக் கடிதத்தோடு பதினொரு பெயர்களை, தூண் எண்ணோடு, எழுதி வைத்திருக்கிறேன். முழங்கால் இடம் கொடுக்கும்போது, பேரனைக் கூட்டிக்கொண்டு காலை வெயில் ஏறுவதற்குள் போ. ஒவ்வொரு பெயரையும் தனித்தனியாகப் படமெடு. எழுத்து தேய்ந்திருந்தால் பக்கத்திலிருந்து வெளிச்சம் விழும்படி நின்று எடு. ஆறாவது பெயரை மட்டும் இரண்டு படம் எடு. அவருடைய தாய்தான் கைக்கடிகாரத்தைக் கேட்டு எழுதியவர்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்