பங்க் மூடினாலும் டேங்க் அடியைப் பாருங்கள்: மாவட்ட ஆட்சியருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மதுரை மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

பெட்ரோல் பங்க் திறக்க, 2002ஆம் ஆண்டு பெட்ரோலிய விதிகளின்படி மாவட்ட நிர்வாகத்தின் தடையின்மைச் சான்று வேண்டும். அதே பங்க் குத்தகை முடிந்தோ, இடம் கைமாறியோ மூடும்போது பூமிக்கடியில் உள்ள டேங்கைக் காலி செய்து, உள்ளே தங்கிய பெட்ரோல் வாயுவைப் போக்கி, தோண்டி எடுத்துவிடுகிறார்கள். சில இடங்களில் உள்ளேயே மணலைக் கொட்டி நிரப்பிவிடுகிறார்கள். அப்புறம் தகர வேலி, அடுக்குமாடி, அந்த மாடிக்கு ஒரு போர் (ஆழ்துளைக் கிணறு). டேங்க் இருந்த இடத்து மண்ணையும் அதற்கடியில் உள்ள தண்ணீரையும் யார் பார்க்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

நான் பங்க்கில் கணக்கு எழுதியவன். காலையில் முதல் வேலை டிப் பார்ப்பது, அதாவது அளவு ராடு விட்டு டேங்கில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது. ராடின் அடி நுனியில் ஒரு பேஸ்டைத் தடவி டேங்குக்குள் விடுவோம். அடியில் தண்ணீர் நின்றால், நின்ற உயரத்துக்கு பேஸ்ட் சிவந்து வரும். அதையும் ரிஜிஸ்டரில் ஏற்றுவோம். ஐப்பசி, கார்த்திகையில் அந்தச் சிவப்பு கூடினால் மேன்ஹோல் மூடி வழியாக மழை இறங்கியிருக்கலாம். இரும்பு அரித்து, நிலத்தடி நீர் ஏறிய நேரத்தில் ஓட்டை வழியாக உள்ளே வந்திருக்கவும் கூடும். அப்படி வந்திருந்தால், சித்திரையில் நீர்மட்டம் இறங்கியதும் அதே ஓட்டை வழியாக பெட்ரோல் வெளியே போகும். நாளைக்கு 2 லிட்டர் என்றாலும் வருடத்துக்கு 730 லிட்டர். 20,000 லிட்டர் டேங்கில் 2 லிட்டர் குறைந்ததை ராடு காட்டாது. ஆவியானது, சூட்டுக்கு விரிந்தது சுருங்கியது என்ற கணக்கில் அதுவும் சேர்ந்துபோகும். டேங்க் நன்றாக இருந்து, பம்புக்குப் போகும் குழாய் இணைப்பு ஒழுகுவதும் உண்டு.

கசிந்த பெட்ரோல் தண்ணீரைவிட லேசு என்பதால் நீர்மட்டத்தின் மேல் மிதக்கும். அதிலுள்ள பென்சீன் கரைந்து தண்ணீரோடு நகரும். ரத்தப் புற்றுநோய் வரவைக்கும் பொருள் அது. குடிநீரில் லிட்டருக்கு 0.01 மில்லிகிராம்தான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. மூக்குக்கு வாடை தெரிய இதைப்போல் பல மடங்கு வேண்டும். ஆகவே "வாடை இல்லை, தண்ணி நல்லாத்தான் இருக்கு" என்ற பேச்சை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

மதுரைக்கு இன்னொரு சிக்கல் உண்டு. வைகைக் கரையோரம் மணலும் வண்டலும் என்றால், தள்ளிப் போகப் போக அடியில் பாறை. பாறையில் தண்ணீர் வெடிப்பு வழியாகத்தான் ஓடும். பக்கத்து வீட்டு போர் சுத்தமாக இருக்க, நாலு தெரு தள்ளி இருப்பது கெட்டுப்போகலாம். 2013இல் சென்னை தண்டையார்பேட்டையில் பூமிக்கடியில் போன எண்ணெய்க் குழாய் கசிந்தது, வீட்டு போர்களில் எண்ணெய் வந்த பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது.

எல்லா பழைய பங்க்கும் விஷம் என்று நான் சொல்லவில்லை. மண்ணிலுள்ள நுண்ணுயிர்களே பென்சீனைத் தின்று தீர்ப்பதும் நடக்கிறது. ஆனால் இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள். நுண்ணுயிர்கள் முதலில் எத்தனாலைத்தான் தின்னும். ஆக்சிஜனும் அதிலேயே தீர்ந்துவிட, பென்சீன் இன்னும் கொஞ்சதூரம் போய்விடும். எங்கே தீர்ந்தது, எங்கே தீரவில்லை என்பது அளந்து பார்த்தால்தான் தெரியும்.

அளக்கிற விதத்தில்தான் கோட்டை விடுகிறோம். வழக்கமான தண்ணீர்ப் பரிசோதனையில் உப்பு, கடினத்தன்மை, இரும்பு, நைட்ரேட் எல்லாம் வரும், பென்சீன் வராது. கேட்டு வாங்கினாலும், 400 அடி போரில் மோட்டார் போட்டு, பிளாஸ்டிக் கேனில் பாதி பிடித்து, வெயிலில் பைக்கில் கொண்டுபோனால் பென்சீன் வழியிலேயே பறந்துவிடும். ரிப்போர்ட்டில் 'இல்லை' என்றுதான் வரும். சின்னக் கண்ணாடிக் குப்பியில், ஒரு காற்றுக்குமிழிகூட இல்லாமல் விளிம்பு வரை நிரப்பி, ஐஸ்பெட்டியில் வைத்து, கலந்திருக்கும் பொருட்களைப் பிரித்து அளக்கும் கேஸ் குரோமட்டோகிராஃப் கருவி உள்ள ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். எடுக்க வேண்டியதும் வீட்டு போரில் அல்ல. நீர்மட்டம் ஏறி இறங்கும் ஆழத்தில் துளையிட்ட குழாய் இறக்கிய கண்காணிப்புக் கிணற்றில்: டேங்க் இருந்த இடத்துக்கு நிலத்தடி நீர் வரும் பக்கம் ஒன்று, போகும் பக்கம் இரண்டாவது. வருடத்துக்கு இரண்டு தடவை, கார்த்திகை மழை முடிந்து ஒன்று, கோடையில் ஒன்று. ஆற்றுக்குப் பக்கமென்றால், சித்திரைத் திருவிழாவுக்குத் தண்ணீர் திறந்துவிடும் நாட்களைத் தவிர்த்து எடுப்பது நல்லது, மட்டம் திடீரென்று மாறியிருக்கும்.

என் வேண்டுகோள் பெரிதல்ல. பங்க் திறக்க உங்கள் சான்று தேவைப்படுவதுபோல, அந்த இடத்தில் வேறு கட்டடம் எழுப்பவும் இந்தச் சோதனை முடிவு தேவை என்று மாநகராட்சியோடும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோடும் பேசி ஒரு நடைமுறை கொண்டுவாருங்கள். செலவை இடம் வாங்கியவர் தலையில் கட்டக்கூடாது, டேங்க் வைத்தவர் ஏற்க வேண்டும். மாசு செய்தவரே செலவையும் ஏற்க வேண்டும் என்று வேலூர் தோல் தொழிற்சாலைகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இலேயே சொல்லிவிட்டது.

இதுவரை மூடிய பங்க்குகளின் பட்டியலுக்கு உங்கள் அலுவலகத்தில் உள்ள பழைய தடையின்மைச் சான்று கோப்புகளே போதும். அதோடு மூடும் ஒவ்வொரு பங்க்கிலிருந்தும் டிப் ரிஜிஸ்டர்களை வாங்கி வையுங்கள். எந்த வருடம் பேஸ்ட் சிவக்க ஆரம்பித்தது என்பது அதில் எழுதியிருக்கும். இப்போதைக்கு அவை எடைக்குத்தான் போகின்றன.

இப்படிக்கு,
பங்க்கில் கணக்கு எழுதிய ஒரு மதுரைக்காரன்