துடிப்பைப் பார்த்தீர்கள், தாயைப் பார்த்தீர்களா? நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலர் அவர்களுக்கும், மகப்பேறு மருத்துவர் சங்கங்களின் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

கர்ப்பப்பை கிழிவது நிறைமாதத்தில், பிரசவ வலி எடுத்த பிறகு நடக்கிற விஷயம் என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. ஆனால் மூன்றாம், நான்காம் மாதத்திலும் கிழியும் என்பது எங்கள் வீட்டுக்குத் தெரியாமல் இருந்ததில் வியப்பில்லை. இரவுப் பணியில் இருந்த மருத்துவருக்கும் அது நினைவுக்கு வரவில்லை என்பதால்தான் இந்த மடல். என் தங்கைக்கு முதல் பிரசவம் சிசேரியன். இரண்டாவது கர்ப்பத்தின் பதினான்காவது வாரத்தில் அந்தத் தழும்பிலேயே கிழிந்தது. அவள் பிழைத்துவிட்டாள். கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். எந்த மருத்துவமனை என்று இங்கே எழுதப் போவதில்லை. எந்த மருத்துவமனையிலும் இதுவே நடந்திருக்கும் என்பதுதான் என் பயம்.

அன்றிரவு அடிவயிற்றில் வலி, வாந்தி, எழுந்தால் கண் இருட்டல். உதிரப்போக்கு இல்லை. வாயுவுக்கு ஊசி போட்டார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். “கரு உள்ளேதான் இருக்கு, துடிப்பும் நல்லா இருக்கு. குழாய்க் கர்ப்பம் இல்ல, பயப்படாதீங்க” என்றார்கள். நாங்களும் சாமிக்கு நன்றி சொன்னோம். அதன் பிறகு அவள் அந்த வார்டில் கவலைப்பட வேண்டாத நோயாளி ஆகிவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் அவள் வயிற்றை விட்டுவிட்டுத் தோளைப் பிடித்துக்கொண்டாள். “அக்கா, தோள்பட்டை வலிக்குது, படுத்தா தாங்க முடியல, உட்கார வை” என்றாள். செவிலியரிடம் சொன்னேன். கோணலாகப் படுத்திருப்பாள், தைலம் இருந்தால் தடவிவிடுங்கள் என்றார். தடவினேன். வயிற்றுக்குள் கசியும் இரத்தம் மேலே போய், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை உறுத்தினால் வலி தோளில்தான் தெரியும், படுத்தால் கூடும் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். மருத்துவக் கல்லூரியில் எல்லாருக்கும் சொல்லித்தரும் பாடமாம். கர்ப்பிணி தோள் வலிக்கிறது என்று சொல்லும்போது மட்டும் அது ஏன் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை? நாடித் துடிப்பு ஏறிக்கொண்டே போனதைக் கட்டில் அட்டையில் அழகாகக் குறித்து வைத்திருந்தார்கள். குறித்தவர் கடமை முடிந்தது, படிக்கத்தான் ஆளில்லை. ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறது என்று சொன்னார்கள். இரத்தம் போகத் தொடங்கிய உடனே அந்த எண் இறங்காது என்பதும் உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டிய விஷயம் இல்லை.

அவள் மயங்கி விழுந்த பிறகுதான் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு மருத்துவர் சிசேரியன் தழும்பைப் பார்த்தார், வயிற்றில் ஸ்கேன் கருவியை வைத்தார், நேராகத் தியேட்டருக்கு எடுத்துப் போனார். அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

எங்கள் கோரிக்கையும் அவ்வளவுதான். முன்பு சிசேரியன் ஆன பெண், கர்ப்பத்தின் எந்த வாரத்தில் வயிற்றுவலியோடு வந்தாலும், குழந்தையின் துடிப்பைப் பார்த்ததோடு ஸ்கேனை முடிக்காதீர்கள். வயிற்றுக்குள் இரத்தம் இருக்கிறதா என்று பாருங்கள். விபத்தில் அடிபட்டு வருபவருக்குக் கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் நடுவே இரத்தம் தேங்கியிருக்கிறதா என்று பார்க்கிறீர்களே, அதே மெஷின்தான், ஓரிரு நிமிட வேலைதான். இருந்தால் அடுத்த ஸ்கேனுக்கோ காலை ரவுண்ட்ஸுக்கோ காத்திருக்க வேண்டாம். இரண்டு கைகளிலும் பெரிய ஊசி, இரத்தத்துக்கு ஏற்பாடு, உடனே அறுவை சிகிச்சை. பதினான்கு வாரக் கருவை வெளியே எடுத்துக் காப்பாற்ற முடியாது. துடிப்பு இருக்கிறதே என்று தயங்குவதால் தாயும் சேர்ந்துதான் போவாள்.

இதைத் தடுக்க இன்னும் முன்பே ஒரு வாய்ப்பு இருக்கிறது. சில பெண்களுக்குக் கரு பழைய தழும்பின் மேலேயே ஒட்டிக்கொள்கிறது. ஏறத்தாழ 2000 கர்ப்பங்களில் ஒன்று என்கிறார்கள். ஆறு, ஏழு வாரத்தில் உள்வழி ஸ்கேன் எடுத்தால், கரு கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியில், சிறுநீர்ப்பைக்கு அருகில் ஒட்டியிருப்பது தெரியும். வாரங்கள் போனால் அது மேலே வளர்ந்து சாதாரணக் கர்ப்பம் போலவே தோன்றும். அதற்குள் நஞ்சுக்கொடி தழும்பைத் துளைத்துக்கொண்டிருக்கும். ஆரம்பத்தில் தெரிந்தால் கர்ப்பப்பையைக் காப்பாற்ற வழி உண்டு. தெரியாமல் சாதாரணக் கருக்கலைப்பு என்று சுரண்டப் போனால் இரத்தம் கொட்டும். கர்ப்பத்தைப் பதிவுசெய்து பிக்மி எண் வாங்கும்போது எவ்வளவோ கேட்கிறீர்கள். முன்பு சிசேரியனா, கர்ப்பப்பையில் ஃபைப்ராய்டு கட்டி எடுத்ததா என்று கேட்டு, ஆம் என்றால் எட்டு வாரத்துக்குள் தழும்பைப் பார்க்க ஒரு ஸ்கேன் என்று சேர்த்துவிட முடியாதா?

ரேர் கேஸ் என்று எங்களுக்குப் பலமுறை சொல்லிவிட்டார்கள். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் 63.8. இத்தனை வயிறுகளில் தழும்பு போட்ட ஊரில், தழும்பினால் வரும் ஆபத்து எத்தனை நாளைக்கு அபூர்வமாகவே இருக்கும்? நட்சத்திரம் பார்த்து, நேரம் குறித்து அறுத்துக் குழந்தையைக் கையில் கொடுக்கிறீர்கள். பில்லில் பஞ்சுக்குக்கூடக் கணக்கு இருக்கிறது. அடுத்த முறை கர்ப்பமானால் ஆரம்பத்திலேயே வந்து தழும்பைக் காட்டு என்ற ஒரு வரி டிஸ்சார்ஜ் சம்மரியில் இல்லை. சரி, அந்தச் சண்டைக்கு இந்த மடலில் இடம் போதாது.

தாய் இறந்தால் தணிக்கை செய்கிறீர்கள். அது இந்த மாநிலத்தின் பெருமை, மறுக்கவில்லை. சாவின் விளிம்புக்குப் போய் வந்தவர்களையும் ஆராய வேண்டும் என்று மத்திய அரசு 2014லேயே வழிகாட்டுதல் வெளியிட்டது. முப்பது வயதுகூட ஆகாமல் கர்ப்பப்பையை இழந்தவளிடம் இதுவரை யாரும் என்ன நடந்தது என்று கேட்கவில்லை. செத்திருந்தால் கேட்டிருப்பீர்கள்.

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து எல்லா அவசரப் பிரிவுகளுக்கும், சீமாங்க் எனும் அவசர மகப்பேறு, பச்சிளங்குழந்தைச் சிகிச்சை மையங்களுக்கும், தனியார் மருத்துவமனைகளுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள்: பழைய தழும்பு, வயிற்றுவலி, தோள்வலி, ஏறும் நாடி. இவற்றோடு ஒரு கர்ப்பிணி வந்தால் துடிப்போடு நிறுத்தாதீர்கள், வயிற்றுக்குள் இரத்தம் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தச் சுற்றறிக்கையின் நகல் ஒன்றைப் பொதுமக்கள் பார்வைக்கும் வெளியிட வேண்டுகிறேன். அடுத்த முறை தைலம் தடவச் சொன்னால், அதைக் காட்டிக் கேள்வி கேட்க ஒரு அக்காவுக்கு உதவும்.

இப்படிக்கு,
அந்தப் பெண்ணின் அக்கா