சீட்டைத் திருப்பிய பெண்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சூதாட்டத்தையே தொழிலாகக் கொண்டவர்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, அமெரிக்கப் போக்கர் ஆட்டக்காரர் பில் ஐவியைக் கேசினோவுக்கே தண்ணி காட்டிய கெட்டிக்காரர் என்று கொண்டாடுகிறது. கெட்டிக்காரர்தான். ஆனால் 2012 ஆகஸ்டில் லண்டனின் கிராக்ஃபோர்ட்ஸ் என்ற கேசினோ கிளப்பில் நடந்ததைக் கட்டுரை பாதிதான் சொல்கிறது.

அங்கே ஆடியது புண்டோ பாங்கோ; சீட்டுகளின் கூட்டல் ஒன்பதை நெருங்கும் பக்கம் ஜெயிக்கும் ஆட்டம், அதனால் ஏழு, எட்டு, ஒன்பதுதான் நல்ல சீட்டுகள். அங்கிருந்த சீட்டுகளின் பின்புறச் சித்திரம் இரண்டு நீள ஓரங்களிலும் ஒரே மாதிரி அமையவில்லை. மயிரிழை வித்தியாசம். ஐவியுடன் வந்த செயுங் யின் சன் அதைக் கண்டுகொள்ளப் பழகிய கண்ணுடையவர். இதுவரை குற்றமில்லை. பிறகு, ராசி பார்ப்பவர்கள்போல நடித்து, சீட்டுப் போடும் பெண்ணிடம் நல்ல சீட்டுகளை ஒரு வாட்டமாகவும் மற்றவற்றை எதிர் வாட்டமாகவும் திருப்பி வைக்கச் சொன்னார்கள். ராசியான கட்டு, மாற்ற வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார்கள். கலைக்கும் இயந்திரம் வரிசையைத்தான் மாற்றும், வாட்டத்தை மாற்றாது. அதன்பின் ஏழும் எட்டும் ஒன்பதும் வரும்போது முதுகைப் பார்த்தே தெரிந்துவிட்டது. ஜெயித்த தொகை சுமார் 77 லட்சம் பவுண்டு.

பணத்தைத் தர கேசினோ மறுத்தது; ஐவி வழக்குப் போட்டார். செய்ததை நீதிமன்றத்தில் அவர் மறைக்கவில்லை. அது ஏமாற்று அல்ல என்று அவர் உண்மையாகவே நம்பினார் என்பதை விசாரணை நீதிபதியும் ஏற்றார். ஆனாலும் 2017இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக அதை ஏமாற்று என்றார்கள். திருட்டுத்தனமாகத் தானே கட்டை அடுக்கியிருந்தால் எது குற்றமோ, ஊழியரை ஏவி அடுக்கியதும் அதுவே.

பிளாக்ஜாக் என்ற கேசினோ சீட்டாட்டத்தில், போன சீட்டுகளை மனத்தில் எண்ணிக்கொண்டு ஆடுகிறவர் கட்டைத் தொடுவதில்லை, யாரிடமும் பொய் சொல்வதுமில்லை. அவரையும் கேசினோக்கள் வெளியே அனுப்புகின்றன, அது வயிற்றெரிச்சல். கட்டுரையாளர் அவரையும் ஐவியையும் ஒரே பந்தியில் உட்கார வைத்துவிட்டார்!

கேசினோவுக்காக நான் கண்ணீர் விடவில்லை. அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் ஐவியின் இதே உத்தியை விசாரித்த நீதிபதி, மோசடி அன்று, ஒப்பந்த மீறல் என்று சொல்லித்தான் பணத்தைத் திருப்பித் தரச் சொன்னார். அதுபற்றி வாதாட இடமுண்டு. என்னை உறுத்துவது வேறு. முதலில் ஏமாந்தவர் சம்பளத்துக்கு மேசையருகே நின்ற அந்தப் பெண். ஏன் திருப்புகிறோம் என்பதே தெரியாமல், வாடிக்கையாளர் கேட்டாரே என்று சீட்டைத் திருப்பியவர். உங்கள் கட்டுரையில் அவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

ஒரு வாசகர்,
திருச்சி