நம்பிக்கை மையத்துக்குப் போகத் தயங்குவது ஏன்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் இதழில் வந்த எச்.ஐ.வி. கட்டுரையில், ‘கிராமத்து மக்கள் அறியாமையால் பரிசோதனைக்கு முன்வருவதில்லை’ என்ற வரி என் மனத்தை மிகவும் புண்படுத்தியது. ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி வேலைக்கு வடமாநிலங்களுக்குப் போய்வந்த என் கணவர், 2004-இல் அரசு இலவசமாக எச்.ஐ.வி.-க்கான கூட்டு மருந்து தரத் தொடங்கும் முன்பே இறந்துவிட்டார். ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்ற விழிப்புணர்வு விளம்பரத்தை ஊரெல்லாம் பேசிய காலத்திலேயே இந்நோய் எப்படிப் பரவும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

அரசு மருத்துவமனையில், எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையம் எங்கே என்று கேட்டால், ஓ.பி. சீட்டு கொடுப்பவர் வரிசையில் நிற்கும் அத்தனை பேர் காதிலும் விழும்படி வழி சொல்கிறார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் விரலில் குத்திப் பார்க்கும் முதல் சோதனையில் சந்தேகம் வந்தால், உறுதி செய்துகொள்ள அந்த மையத்துக்குத்தான் போயாக வேண்டும். அன்றைய கூலியை விட்டு, வீட்டில் ஏதோ ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுத்தான் பேருந்து ஏற வேண்டும். அங்கே ஊர்க்காரர் யாராவது பார்த்துவிட்டால் என்ன ஆகும் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல.

ஒருவரின் நோய்நிலையை அவர் சம்மதமின்றி வெளியிடக் கூடாது என்னும் சட்டம் 2018 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ளது. அதற்குப் பிறகுதான், கர்ப்பப்பை அறுவை சிகிச்சைக்காக நான் சேர்ந்திருந்த மருத்துவமனையில், என் கேஸ் ஷீட்டின் மேல், எனக்கு எச்.ஐ.வி. உள்ளதைச் சிவப்பு மையில் பெரிதாக எழுதிக் கட்டிலில் தொங்கவிட்டார்கள். அதைப் படித்த பக்கத்துக் கட்டில் அம்மாவின் மருமகள், தன் மாமியாரை உடனே வேறிடத்துக்கு மாற்றச் சொல்லிச் சத்தம் போட்டார். படித்தவர்களின் இந்தச் செயலை அறியாமை என்று யாரும் எழுதுவதில்லை.

நான் இன்று உயிரோடிருப்பதற்கு மாத்திரையைப் போலவே மையத்து ஆலோசகரும் காரணம். மாத்திரை டப்பா பேருந்தில் குலுங்கிச் சத்தம் போடாதிருக்கப் பஞ்சு அடைக்கச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தாம். அத்தகையவர்கள் ஒப்பந்த ஊழியர்களாகவே காலம் தள்ளுகிறார்கள். தவறாமல் மருந்துண்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்த நிலையிலேயே இருப்பவரிடமிருந்து உடலுறவின் மூலம் தொற்று பரவாது என்ற செய்திக்கும் தங்கள் கட்டுரையில் இடமில்லை.

மருத்துவப் பக்கத்தின் ஓரத்தில், 1097 என்ற இலவச உதவி எண்ணையாவது வாரந்தோறும் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இக்கடிதத்தைப் பிரசுரித்தால் என் பெயரைத் தவிர்த்துவிடவும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருச்செங்கோடு வட்டம்